இருளாயி வாளியில் கூடிய பால்

புந்தோங், ஈப்போ
14.8.1977

மாரியம்மா அண்ணிக்கு,

இருளாயி எழுதுவது. உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிரிக் ஊருக்கு அப்பால் காட்டுக்குள் புது ரோடு போடுகிற இடத்தில், வியாழக்கிழமை காலை, கம்யூனிஸ்டுகள் மண்ணில் புதைத்து வைத்திருந்த வெடியை மிதித்துவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது தொடையில் இரும்புத் துண்டுகள். ஹெலிகாப்டரில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்னைக் கூப்பிட ஜீப்பில் தோட்டத்துக்கு வந்த ஆபீசர் 'காலில் அடி' என்று மட்டும்தான் சொன்னார். கட்டிலைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது, மறுபக்கம் தட்டையாக இருந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. கண் திறந்தால் என்னை யாரென்று கேட்கிறார். பிழைப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். 'பார்ப்போம்' என்றார்.

நான் புந்தோங்கில் நல்லம்மாள் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அவள் புருசன் ராஜுவும் இவரும் ஒரே படைப் பிரிவு. இதற்கு முன் அவளை நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, 'நீ பத்துமலை பொஞ்சாதிதான? வா' என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இருப்பது ஒரே அறை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் கீழே படுக்கிறாள்.

நீங்கள் வரவேண்டாம். ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டது நீங்கள். போன வருடம் தவணை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றவரை, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். அவர் தம்பி உங்களுக்கு, எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களை அந்தக் கட்டில் பக்கத்தில் பார்க்க என்னால் முடியாது. வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். காய்ச்சலில் இருப்பவருக்கு அது நல்லதில்லை.

இருளாயி

*

மூன்றாம் டிவிஷன், பீடோர்
17.8.1977

இருளாயிக்கு,

கடிதம் வந்தது. வரவில்லை. நீ வா என்கிற வரைக்கும் வரமாட்டேன். என் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் நீயாக இருப்பதுதான் சரி.

உன் கோபத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. உன் வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்க இப்போது உனக்கு எங்கே தோன்றும்?

உனக்குத் தெரியும், விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். அப்புறம் அந்த ஆள் சீவும் ரப்பர் மர நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நிரை போனால் வீடு போகும். லீவு எழுதிக் கேட்டால் எவ்வளவு நாள் கொடுப்பார்கள்? அதற்குள் பத்துமலை எழுந்து நிற்கப்போவதில்லை. பட்டாளத்திலிருந்து அவனை இனி வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அப்போது அவனுக்கு வீடு என்று ஒன்று வேண்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, உன் நிரையை நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை பெரட்டில் நின்றேன். சீனி மண்டோர் உன் பெயரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நிரைச் செல்லாயி, 'இருக்கா' என்றாள்.

'எங்க?'

'பின்னாடி நிக்கிறா.'

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பின்னால், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளோடு கிடக்கும் நாய் நின்றுகொண்டிருந்தது. சீனி அந்த நாயைப் பார்த்தார். செல்லாயியைப் பார்த்தார். 'சரி, இருக்கா' என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு உன் நிரையை ஆளுக்குக் கொஞ்சம் மரமாகப் பிரித்துக்கொண்டோம். உன் நிரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்லாயி, மேட்டில் இருப்பது மற்றவர்களுக்கு. எங்கள் மரத்தை முடித்துவிட்டுத்தான் உன் மரத்துக்கு வரமுடிகிறது. வெயில் ஏறிவிடுவதால் பால் குறைவாகத்தான் இறங்குகிறது. பரவாயில்லை.

காய்ச்சல் இறங்கியதும் ஒரு வரி எழுது. எனக்காக எழுத மனம் வராவிட்டால் செல்லாயி பெயருக்கு எழுது. அவள் படித்துக் காட்டுவாள்.

மாரியம்மா

*

புந்தோங்
29.8.1977

அண்ணிக்கு,

காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நடுவில் நடந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருக்கிறது. இங்கே நல்லம்மாள் அக்காவுக்கு எல்லாம் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் கால் புண் உடைந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் ஆபரேஷன் செய்யவேண்டும், ரத்தம் நிறைய வேண்டும் என்றார்கள். நான் தருகிறேன் என்றேன். சேராது என்றுவிட்டார்கள். இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் இரண்டு ராணுவ லாரிகள் வந்தன. உள்ளே இருந்தவர்கள் காட்டிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும். பூட்ஸ் முழுக்கச் சேறு. அந்தச் சேறு ஆஸ்பத்திரித் தரையில் படக்கூடாதென்று வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். வெறும் காலோடு வராந்தா முழுக்கச் சுவரோரமாக நின்றார்கள். மலாய்க்காரர்கள், சீனர், நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர், கழுத்தில் பச்சை குத்திய சரவாக்கு ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்ச் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வெளியே வந்தார்கள். மோப்பம் பிடித்தது போலத் தடம் பார்த்துப் போவார்களே, அந்தச் சரவாக்கு ஆட்களில் ஒருவர்தான் இவரை முதுகில் போட்டுக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கும் இடம் வரை ஓடினாராம். ராஜு அண்ணன் காட்டினார். என் தோளுக்குத்தான் வருவார். அவரும் வரிசையில் நின்றார்.

அவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் 'திரிமா காசே' என்று நன்றி சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், 'காலை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன், தேட நேரம் இல்லை' என்றார். மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார், அண்ணி.

இப்போது உங்கள் தம்பி கையைத் தொட்டால் கதகதப்பாக இருக்கிறது. அந்த உடம்பில் யார் யார் ரத்தம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தீட்டு, சாதி என்று நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு குழாயடிக்கு எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்.

என் நிரையைச் சீவவேண்டாம். பிடிபட்டால் எல்லாருக்கும் வேலை போகும். செல்லாயியிடம் சொல்லுங்கள். நான் உங்களிடம் பேசுவதாக நினைக்கவேண்டாம்.

இருளாயி

*

மூன்றாம் டிவிஷன்
21.9.1977

இருளாயிக்கு,

நீ என்னிடம் பேசவில்லை என்பது புரிந்தது. பேசாமலே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பேசினால் எத்தனை பக்கம் வருமோ!

உன் கடிதத்தைச் செல்லாயி ஆயாக்கொட்டகையில் வைத்துப் படித்தாள். பூட்ஸைக் கழற்றி வைத்தார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் அதே இடத்திலிருந்து படித்தாள். நிரையை விடச் சொல்லி நீ எழுதியதையும் படித்தாள். 'அவ சொல்றதுக்கு நான் என்ன செய்ய?' என்று மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது வேறு ஒரு சங்கடம். சிரிக்காதே.

வெயிலில் சீவுவதால் உன் வாளியில் பால் குறைகிறது என்று சொன்னேன் இல்லையா? குறைந்த பாலைப் பார்த்தால் கணக்கு எழுதும் கிராணிக்குச் சந்தேகம் வரும். அதனால் என் வாளியிலிருந்து, மரத்தில் பால் பிடிக்கிற மங்கால் ஒரு மங்கு மொண்டு, யாருக்கும் தெரியாமல் உன் வாளியில் ஊற்றிவந்தேன். நான் மட்டும்தான் இதைச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஸ்டோரில் பால் நிறுத்தார்கள். உடையப்பன் கிராணி தராசைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

'மாரியம்மா, இருளாயி மரத்துக்கு என்ன வைக்கிற? கோழிக் குழம்பா?'

'ஏன் கிராணி?'

'இந்த மாசம் டிவிஷன்லயே ஒசந்த பால் அவளோடதுலா.'

வெளியே வந்து செல்லாயியைப் பிடித்தேன். 'நீ ஊத்துனியா?' என்றேன். 'ஒரு மங்குதான் அக்கா' என்றாள். மேட்டு மரம் சீவுகிறவளைக் கேட்டேன். அவளும் ஒரு மங்குதான் என்றாள். ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் ஆளாளுக்கு ஒரு மங்கு ஊற்றியிருக்கிறார்கள். உன்னைத் தோட்டத்திலேயே கெட்டிக்காரியாக்கி வைத்திருக்கிறோம், நீ ஈப்போவில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாய்.

இனி யாரும் ஊற்றக்கூடாது என்று சத்தம் போட்டேன். சரி சரி என்றார்கள். திங்கட்கிழமை வாளி அதே கனம்.

பத்து என்ன சாப்பிடுகிறான்? கருவாட்டுக் குழம்பு கேட்டால் நல்லம்மாளை வைக்கச் சொல். நீ வைத்தால் புளி கூடும்.

மாரியம்மா

*

புந்தோங்
9.10.1977

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். புளி கூடும் என்றதற்குத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதை நான் மறக்கமாட்டேன்.

இரண்டு நாளாகக் கக்கத்தில் கட்டை வைத்து நிற்கப் பழகுகிறார். விழுந்தால் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். தூக்காமல் நிற்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. பட்டாளத்து ஆட்கள் முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் முகம் வழித்துவிடுகிறார், ஒருவர் முதுகு துடைத்துவிடுகிறார். அவர்களுடைய பெண்டாட்டிகள் வீட்டுக்குச் சோறு அனுப்புகிறார்கள். யார் கிண்ணம் யாருடையது என்று தெரியாமல் நல்லம்மாள் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புதன்கிழமை ஒரு சீனர் வந்தார். அந்தக் காட்டு ரோட்டில் மண் தள்ளும் மிஷின் ஓட்டுகிறவராம். வயதானவர். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். ஆரஞ்சுப் பழப் பையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மலாயில் சொன்னார். 'தினமும் என் மிஷின் உருள்வதற்கு முன்னால் உன் புருசன் அந்த மண்ணில் நடந்து பார்ப்பான். கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பான். கையைத் தூக்கிக் காட்டினால்தான் நான் மிஷினை எடுப்பேன். அன்றைக்கும் எனக்கு முன்னால்தான் நடந்தான்.'

ஆறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அண்ணி. அவர் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. காவல் என்று மட்டும் சொல்வார். சம்பளம் வரும், லீவில் வருவார், மீன் பிடிப்பார், போய்விடுவார். அந்தக் கிழவர் போன பிறகு இவர் முகத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'என்ன அப்புடிப் பாக்குற?' என்றார்.

அப்போதுதான் கேட்டேன். 'உங்க அக்கா பேச்சைக் கேட்டுத்தான மறுபடி கையெழுத்துப் போட்டீங்க?'

'அக்காவா? அக்கா வேணாம்னு மூணு நாள் சோறு திங்காம கிடந்துச்சு. ரோடு பாதியில கிடக்கு, மிஷின்காரனுங்க முன்னாடி யாராச்சும் நடக்கணும்ல. நாந்தான் போட்டேன்.'

முதலில் சேர்ந்ததும் அவராகத்தான் போனாராம். பஸ் தெரியாததால் நீங்கள் துணைக்கு வந்தீர்களாம், அவ்வளவுதானாம்.

நான் எழுதிய முதல் கடிதத்துக்கு நீங்கள் ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை?

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

இருளாயி

*

மூன்றாம் டிவிஷன்
17.10.1977

இருளாயிக்கு,

வா என்று எழுதினாய். வரமுடியவில்லை. கோபித்துக்கொண்டதாக நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். காலில்லாமல் கிடக்கிறவனை நீ திட்டமுடியாது. ஆபீசரைத் திட்டமுடியாது, டாக்டரைத் திட்டமுடியாது. உனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் சும்மாதானே இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

இனி இங்கே நடந்தது. புது மானேஜர், தீபாவளிக்கு முன்னால் எந்த டிவிஷனில் யார் அதிகப் பால் கொண்டுவந்தார்களோ அவர்களுக்குச் சேலை கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். உடையப்பன் கிராணிக்கு அன்றையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. போன சனிக்கிழமை மானேஜரே பெரட்டுக்கு வந்தார். கையில் சேலை.

'யாரு இருளாயி? வா லா முன்னுக்கு.'

யாரும் அசையவில்லை. சீனி மண்டோர் தரையைப் பார்த்தார். செல்லாயி பின்னால் திரும்பி நாயைத் தேடினாள் என்று நினைக்கிறேன். இதற்குமேல் முடியாது என்று நான் முன்னால் போனேன்.

'அவ ஈப்போவுல இருக்கா தொரை. புருசன் சோல்ஜர். வெடியில காலு போயிருச்சு. அவ போனதுலேர்ந்து நாங்கதான் சீவுறோம்.'

'அப்ப இவ்வளவு பால் யாருது?'

'ஒரு மங்கு என்னுது' என்றேன். செல்லாயி, 'என்னுது ஒண்ணு' என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்காமலே ஒவ்வொரு வரிசையிலிருந்தும் குரல் வந்தது. எட்டாம் நிரை, கீழ்ப்பள்ளம், ஆத்தோரம். உன் நிரைக்குப் பக்கத்திலேயே இல்லாதவர்கள்கூட ஸ்டோர் வரைக்கும் நடந்து வந்து ஊற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு குரல், 'ரெண்டு மங்கு.' யாரென்று பார்த்தால் நவமணி. தண்ணீர்க் குழாயில் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாளே, அதே நவமணி. மூன்று வருடமாக உன் முகத்தில் முழிக்காதவள்.

மானேஜர் தொப்பியைக் கழற்றினார். நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்தேன். மறுபடியும் போட்டுக்கொண்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஸ்டோருக்கு வந்த பாலுக்குக் கொடுத்த கூலி கொடுத்ததுதான் என்றார். ஆனால் வேலைக்கு வராத ஆளின் பெயரை வைத்திருக்கமுடியாது, தனக்கு மேலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அங்கேயே உன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறவில்லை. அவர் பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றேன். என் வீட்டைத் தோட்டத்துக்கே கொடுத்துவிடுகிறேன், அதற்குப் பதிலாக என் தம்பி வீட்டை என் பெயருக்கு எழுதுங்கள் என்றேன். என் வீடு பழைய பலகை வீடு, ஏற ஆறு படி இருக்கிறது. உன் வீடு தரையோடு தரையாக இருக்கிறது. கட்டை ஊன்றி வருகிறவனுக்கு அதுதான் ஆகும். மானேஜர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அதனால் வீடு இருக்கிறது, இருளாயி. ஆனால் அந்த வீட்டில் நானும் இருப்பேன். நான் இருந்தால்தான் வீடு இருக்கும். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், கேட்க நேரமில்லை. என்னோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க உனக்கு முடியாது என்றால் சொல், நான் செல்லாயி வீட்டில் படுத்துக்கொள்கிறேன். பெயர் மட்டும் என் பெயராக இருக்கட்டும்.

மாரியம்மா

*

புந்தோங்
4.12.1977

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல தடவை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

படித்து முடித்ததும் முதலில் நவமணியைத்தான் நினைத்தேன். அவள் இரண்டு மங்கு ஊற்றினாள் என்றால், அவள் வீட்டில் அந்த மாதம் என்ன குறைந்திருக்கும்? அவளுக்கு ஐந்து பிள்ளைகள். வராந்தாவில் வெறும் காலோடு நின்ற ஆட்களைப் பார்த்தபோது, இவர்கள் பட்டாளத்துக்காரர்கள், அதனால்தான் இப்படி என்று நினைத்தேன். நம் லயத்துக்காரர்களிடம் இது இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆறு வருடம் அவர்களோடு சேர்ந்து மரம் சீவியும் எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். 'மூணு வருசம் பேசாத பொம்பளை' என்றார். பிறகு, 'நான் ஒருத்தருக்கு முன்னாடி நடந்தேன். இவங்க எல்லாம் எனக்குப் பின்னாடி நடந்திருக்காங்க' என்றார்.

நீங்கள் செல்லாயி வீட்டில் படுக்கவேண்டாம். முன்னறை உங்களுக்கு. சமையல் உங்களுடையதா என்னுடையதா என்பதை நேரில் சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளலாம். ஜனவரியில் ஆள் எடுப்பார்கள் என்றால் நானும் வந்து கிராணியிடம் புதுப் பெயராகச் சேர்கிறேன். எனக்கு என்ன நிரை கொடுத்தாலும் சரி.

ஆஸ்பத்திரியில் அனுப்புகிறார்கள். செயற்கைக் கால் பிறகு பொருத்துவார்களாம், அதற்கு மறுபடியும் வரவேண்டும். இப்போது இரண்டு கட்டைதான். வரும் சனிக்கிழமை ராணுவ லாரியில் கொண்டுவந்து விடுவதாக அவருடைய ஆபீசர் சொல்லிவிட்டார். ராஜு அண்ணனும் அந்தச் சரவாக்கு ஆளும் கூட வருகிறார்கள்.

அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். எல்லாரும் மரம் சீவப் போயிருக்கும் நேரத்தில் போய் இறங்கவேண்டுமாம். யாரும் பார்க்கக்கூடாதாம். மாலை, மேளம் என்று எதுவும் வேண்டாமாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதுமாம். லாரி ஓட்டுகிறவரிடமும் அதையே சொல்லிவைத்திருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். லாரி ஓட்டுகிறவரிடம் நான் தனியாகப் பேசிவிட்டேன். பால் நிறுத்து முடித்து நீங்கள் எல்லாரும் ஸ்டோரில் நிற்கும் நேரத்துக்குத்தான் வண்டி உள்ளே வரும். மாலை வேண்டாம், மேளம் வேண்டாம், அது அவர் சொன்னபடியே இருக்கட்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் வந்து நிற்கச் சொல்லுங்கள். நவமணியை முன்னால் நிறுத்துங்கள், அவள் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

அவர் இறங்கும்போது யாரும் தூக்கவேண்டாம். விழுந்தாலும் தூக்கவேண்டாம், அவரே எழுந்துகொள்வார், நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் மட்டும் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

இருளாயி